தூக்கிக் கட்டிய ரப்பர் திரை

அக்டோபர் 6, திங்கள்

மெஷின் வாங்குவதற்கு முன்பே நோட்டு வாங்கிவிட்டேன். "கொழந்தை பொறக்கறக்கு முன்னாடியே தொட்டில் கட்டற ஆளு நீங்க" என்று தனபாக்கியம் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தொரு வருடம் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்தவனுக்கு மனைவியின் சிரிப்பு புதிதல்ல. எந்த மெஷினாக இருந்தாலும் முதல் நாளிலிருந்து ஒரு நோட்டு வேண்டும். எத்தனை மணி ஓடியது, எப்போது கிரீஸ் வைத்தது, எது தேய்ந்தது, எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

தோட்டம் இந்த வருடம் பார்க்கச் சகிக்கவில்லை. ஒன்பது ஏக்கர் தென்னையில் வாடல் நோய் வந்து அறுபத்திரண்டு மரம் வெட்டியாகிவிட்டது. வெட்டிய இடத்தில் வெயில் விழுகிறது. வெயில் விழுந்த இடத்தில் புல் இடுப்புயரம் நிற்கிறது. விழுந்த மட்டையை இழுத்துப்போட ஆள் கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் ரோட்டவேட்டர் விட்டு உழுகிறார்கள். புல்லோடு சேர்ந்து தென்னையின் மேல்வேரும் போகிறது. நோயில் கிடக்கிற மரத்துக்கு வேரையும் அறுத்தால் அப்புறம் என்ன மிச்சம் இருக்கும்?

அக்டோபர் 9, வியாழன்

நானும் திருமூர்த்தியும் பொள்ளாச்சி போய் வந்தோம். திருமூர்த்தி ஆறு வருடமாக எங்கள் டிராக்டர் டிரைவர். அதிகம் பேச மாட்டான். பேசினால் அது பெரும்பாலும் சரியாக இருக்கும், அதுதான் எரிச்சல்.

கடையில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற புல்வெட்டி மெஷினில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்றில் அடியில் ஒரே பெரிய கத்தி, மின்விசிறிபோலச் சுற்றுகிறது. விலை குறைவு. இன்னொன்று பிளெயில் மோவர். குறுக்கே ஓர் உருளை, அதில் இருபத்தெட்டுச் சுத்தியல்கள் தொங்குகின்றன. உருளை சுற்றும்போது சுத்தியல்கள் விரிந்து நின்று புல்லையும் மட்டையையும் அடித்துத் தூளாக்கும். கல்லில் பட்டால் முறியாது, மடங்கிக்கொள்ளும்.

"மத்ததுல கல்லு துப்பாக்கிக் குண்டாட்டம் பறக்குமுங்க" என்றார் கடைக்காரர். "இதுல பின்னாடி ரப்பர் திரை தொங்குது பாருங்க, எதுவும் வெளிய வராது."

திருமூர்த்தி குனிந்து அந்த ரப்பரைத் தூக்கிப் பார்த்தான். "இதுதானுங்கண்ணா வாங்கோணும்" என்றான். எங்கள் டிராக்டர் நாற்பத்தைந்து குதிரைத்திறன். அதற்கு ஐந்தரை அடி அகலம் சரியாக இருக்கும். இரண்டு வரிசைக்கு நடுவே நான்கு ஓட்டத்தில் முடியும். முன்பதிவு செய்துவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மெஷின் வந்தது. டிராக்டரையும் மெஷினையும் இணைக்கிற தண்டு நான்கு விரற்கடை நீளம் அதிகமாக இருந்தது. அப்படியே மாட்டியிருந்தால் மெஷினைத் தூக்கும்போது கியர்பாக்ஸை இடித்து உடைத்திருக்கும். அளந்து அறுத்து, பிசிறைத் தேய்த்து மாட்டினோம். கடையிலிருந்து வந்த மெக்கானிக் "இதையெல்லாம் யாருங்க பாக்கறாங்க" என்றான். நான் பார்ப்பேன் என்றேன்.

கியர்பாக்ஸ் ஆயில் மட்டம் சரி. உருளையின் இரண்டு முனையிலும் கிரீஸ் வைத்தாயிற்று. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வைக்க வேண்டும்.

அக்டோபர் 20

தீபாவளி. மெஷினுக்கும் பொட்டு வைத்தாள் தனபாக்கியம்.

அக்டோபர் 27, திங்கள்

இதுவரை பதினான்கு மணி ஓடியிருக்கிறது. புது பெல்ட் மூன்றும் தளர்ந்திருந்தன, இழுத்துக் கட்டினேன். விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும், அதற்கு மேல் கூடாது. ஒரு சுத்தியல் முறிந்திருந்தது. அதை மாற்றும்போது நேர் எதிரே இருந்த நல்ல சுத்தியலையும் சேர்த்து மாற்றினேன். "நல்லாத்தானுங்களே இருக்குது?" என்றான் திருமூர்த்தி. புதுசுக்கும் தேய்ந்ததற்கும் எடை வேறு, ஒரு பக்கம் கனத்தால் உருளை உதறும், உதறினால் பேரிங் போய்விடும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டான்.

தோட்டம் பாதி தெளிந்துவிட்டது. பொடிப்பொடியான புல் மரத்தடியில் மெத்தைபோலக் கிடக்கிறது. வெட்டிய மரங்களைக் கொஞ்சம் மறந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன்.

நவம்பர் 3, திங்கள்

மட்டைக் குவியல்தான் தொல்லை. புல்லை மெஷின் விழுங்கிவிடுகிறது. இரண்டு வருடமாகச் சேர்ந்த மட்டைக் குவியலில் டிராக்டரை முன்னால் ஏற்ற முடியாது, சக்கரம் வழுக்குகிறது. பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனால் ரப்பர் திரை மட்டையை உள்ளே விடாமல் முட்டி முட்டித் தள்ளுகிறது. மத்தியானம்வரை ஒரு குவியல்கூட முடியவில்லை.

இந்தப் பக்கத்தில் எல்லாத் தோட்டத்திலும் திரையைத் தூக்கிக் கட்டிவிட்டுத்தான் பின்னால் ஓட்டுகிறார்கள். நானே நான்கு இடத்தில் பார்த்திருக்கிறேன். திருமூர்த்திக்கு மனசில்லை.

"கடைக்காரர் அவ்வளவு சொன்னாருங்களேண்ணா."

"அவருக்கென்ன, அவரா மட்டை பொறுக்கறாரு?" என்றேன்.

நைலான் கயிறு எடுத்து வந்து கட்டியாயிற்று. அதற்கப்புறம் பொழுது சாய்வதற்குள் மூன்று குவியல் தூளாகிவிட்டது.

நவம்பர் 5, புதன்

குவியல் முடிந்து புல்லுக்குப் போகும்போது திருமூர்த்தி கயிற்றை அவிழ்க்க இறங்கினான். ஒவ்வொரு தடவையும் அவிழ்த்துக் கட்டினால் நாள் முழுக்க அதுவே வேலையாகிவிடும். கட்டியபடியே இருக்கட்டும் என்றேன்.

நவம்பர் 11, செவ்வாய்

தனபாக்கியத்துக்கு வலது கண்ணில் அடி. கோயமுத்தூர் போகிறோம்.

நவம்பர் 14, வெள்ளி

கண்ணாஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டு காரிலேயே இருந்தது. மில்லில் பழகிய முறையிலேயே எழுதிவிடுகிறேன்.

சம்பவம் நடந்த நேரம் காலை பதினொன்றே கால். இடம், வடக்கு வரப்பு ஓரம். மெஷின் புல் வெட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி சாப்பிடக் கூப்பிட வந்து, மெஷினுக்குப் பின்னால் முப்பதடி தூரத்தில் நின்றிருந்தாள். விரலளவு வெங்கச்சங்கல், வெள்ளைக் கல் ஒன்று தெறித்து வலது கண்ணில் பட்டது. ரப்பர் திரை மேலே கட்டப்பட்டிருந்தது.

எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்தேன். நடந்ததில் எதையும் விடவில்லை.

டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். தனபாக்கியத்தின் அண்ணன் கிட்டுசாமி மச்சான் பக்கத்தில் நின்றார். "பின்னாடி தடுப்பு இல்லாம ஓட்டியிருக்காங்க" என்றேன். "யாரு, டிரைவரா?" என்றார் மச்சான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. தலையாட்டினேனா என்று நினைவில்லை.

அவளைக் கையில் தூக்கிக் காரில் படுக்கவைத்தது திருமூர்த்திதான். அவன் சட்டை முழுக்க ரத்தம். காரையும் அவன்தான் ஓட்டி வந்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்தேன். மச்சானும் கூட வந்தார். திருமூர்த்தி டிராக்டர் கொட்டகை வாசலில் நின்றிருந்தான்.

"என் தங்கச்சி கண்ணப் போக்கிப்போட்டு இங்க வந்து நிக்கற?" என்று மச்சான் கத்தினார். "அந்த ரப்பர எறக்கிவிடறக்கு உனக்குக் கை இல்லையா?"

திருமூர்த்தி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. மச்சான் கோபத்தில் இருக்கும்போது எதைச் சொன்னாலும் ஏறாது. ஆறட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

"நாளைல இருந்து வர வேண்டாம்" என்றார் மச்சான்.

அவன் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

நவம்பர் 24, திங்கள்

இரண்டாவது ஆபரேஷனும் முடிந்தது. கண்ணை எடுக்க வேண்டியதில்லை, ஆனால் பார்வை திரும்பாது என்றார் டாக்டர். அதை மூன்று விதமாகச் சொன்னார். மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

தனபாக்கியம் அழவில்லை. "எடது கண்ணு நல்லாத்தானுங்களே இருக்குது" என்றாள் எனக்குச் சமாதானமாக.

டிசம்பர் 1, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. ஓசூரிலிருந்து மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டு நேற்றுப் போனாள்.

இன்று காலை தனபாக்கியம் எனக்குக் காப்பி ஊற்றினாள். டம்ளருக்கு ஓர் அங்குலம் தள்ளி மேஜையில் ஊற்றினாள். துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். மறுபடியும் வெளியே போயிற்று. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபட நாளாகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் டம்ளரைப் பிடித்து, சொம்பின் வாய்க்கு நேராக வைத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் ஊற்றினாள்.

"திருமூர்த்தி என்ன பண்றானுங்க?" என்றாள்.

"தெரியல" என்றேன். தெரியும். நான்கு தோட்டத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறான். கண்ணைப் போக்கிய டிரைவர் என்று பெயராகிவிட்டது, ஒருவரும் டிராக்டர் தரவில்லை. தென்னை நார் மில்லில் மூட்டை ஏற்றுகிறான்.

டிசம்பர் 3, புதன்

மெஷினைக் கழுவிக் கிரீஸ் வைத்தேன். உருளையில் சுற்றியிருந்த நாரையும் கொடியையும் கத்தியால் அறுத்தெடுத்தேன், விட்டால் பேரிங் சீலைக் கிழித்துவிடும். கயிற்றை அவிழ்த்துத் திரையை இறக்கினேன். முடிச்சு இறுகிப்போய் அவிழ வெகுநேரம் ஆயிற்று. மில்லில் கட்டுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும்.

மில்லில் ஒவ்வொரு மெஷின் மேலும் 'தடுப்பைக் கழற்றாதே' என்று நான்தான் எழுதி ஒட்டினேன். கழற்றின ஒருத்தனுக்கு மெமோ கொடுத்திருக்கிறேன்.

திருமூர்த்தியிடம் புல் வெட்டும்போது திரையை அவிழ்த்துவிடச் சொல்லித்தான் இருந்தேன்.

டிசம்பர் 4

நேற்று எழுதிய கடைசி வரி சரியில்லை. முந்தைய பக்கம் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன், எந்தப் பக்கத்தை அடிப்பது என்று தெரியாமல் மூடிவைத்துவிட்டேன்.

டிசம்பர் 18, வியாழன்

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. புல் மறுபடி முழங்காலுக்கு வந்துவிட்டது. உடுமலையிலிருந்து ஒரு டிரைவர் வந்தான். மெஷினைத் தரையில் வைத்தபடியே ஆக்சிலேட்டரை மிதித்து உருளையைச் சுற்ற விட்டான். பெல்ட் புகைந்தது. மெதுவாக ஓடவிட்டு, சுற்று ஏறிய பிறகு புல்லில் இறக்க வேண்டும் என்றால், "எனக்குத் தெரியாதுங்களா?" என்கிறான். இரண்டாம் நாள் மூன்று பெல்ட்டில் ஒன்று அறுந்தது. மூன்றாம் நாள் அவன் வரவில்லை.

மச்சான் வந்தார். "நல்ல டிரைவரே கெடைக்க மாட்டேங்கறான் மாப்ள. அந்தத் திருட்டுப்பயல நம்பி வெச்சிருந்தீங்க பாருங்க" என்றார். திருமூர்த்தி திருடினவன் அல்ல. அதையாவது சொல்லியிருக்கலாம். தனபாக்கியம் தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பிறகு மச்சானைப் பார்த்தாள், முறுக்கு டப்பாவை மூடினாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

இன்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவள் கண்ணுக்கு மருந்து விடும் நேரம். தலையைச் சாய்த்து, இமையை விரித்துக்கொண்டு, சொட்டு விழக் காத்திருந்தாள். வெள்ளையாகிப்போன அந்தக் கண்ணுக்கு நேராக என் கை. அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? பொங்கல் போகட்டும்.

அவள் "ஏதாவது சொல்ல வந்தீங்களா?" என்றாள். மருந்து தீரப்போகிறது, வாங்க வேண்டும் என்றேன்.

ஜனவரி 12, திங்கள்

இன்னொரு டிரைவர். விபத்து நடந்த மெஷின் என்று கேள்விப்பட்டதும் ஏறமாட்டேன் என்று போய்விட்டான். நானே ஏறி ஓட்டிப் பார்த்தேன். இடுப்பு வலி, அரை மணிக்கு மேல் முடியவில்லை. வடக்கு வரப்புப் பக்கம் போகவும் இல்லை.

ஜனவரி 15

பொங்கல். மச்சான் வீட்டில். பால் பொங்கும்போது தனபாக்கியத்தைக் கையைப் பிடித்து அடுப்பிலிருந்து தள்ளி நிறுத்தினார்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

நார் மில்லுக்குப் போனேன். திருமூர்த்தி வெளியே வந்தான். இளைத்திருக்கிறான், இருமுகிறான். நார்த் தூசி தலையெல்லாம்.

"அக்காளுக்கு இப்ப எப்படிங்கண்ணா இருக்குது?" என்றான் முதலில்.

இருக்கிறாள் என்றேன். புல் உயரத்தைச் சொன்னேன், பெல்ட் அறுந்ததைச் சொன்னேன், மறுபடி வந்துவிடு என்றேன். மச்சானை நான் சமாளித்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"என்னத்த?"

அவன் என் முகத்தையே பார்த்தான். எனக்கு முகம் சுட்டது.

"நீங்க கட்டச் சொன்னது ஒரு பக்கமுங்கண்ணா. ஓட்டுனது நானு. அதுக்கு நான் பேச்சு வாங்கறது நாயம்தான். ஆனா முழுசும் நான்தான்னு அக்கா நெனச்சிட்டிருக்கறதத்தான் என்னால தாங்க முடியல. அவங்ககிட்ட மட்டும் சொல்லிப்போடுங்க, ஊருக்குச் சொல்ல வேண்டாம். நாளன்னிக்கே வந்தர்றேன்."

சரி என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு முடிவுக்கு வந்தது ஆறுதலாக இருந்தது.

ஜனவரி 21, புதன்

சொல்லிவிட்டேன்.

மாலை நான்கு மணி. தனபாக்கியம் முற்றத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். இப்போது கை பழகிவிட்டது, பார்க்காமலே உரிக்கிறாள். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவளுடைய இடது பக்கமாகப் போட்டேன், என்னைப் பார்க்க வசதியாக.

திரையைத் தூக்கிக் கட்டச் சொன்னது நான்தான் என்றேன். கயிறு கொண்டுவந்ததும் நான், முடிச்சுப் போட்டதும் நான். அவன் அவிழ்க்கப் போனபோது வேண்டாம் என்று தடுத்ததும் நான். அவன் மேல் தப்பில்லை. சொல்லும்போது அழுதுவிட்டேன். இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது பாவம் என்றேன்.

அவள் அவரைக்காயைக் கீழே வைக்கவில்லை.

"இன்னிக்கு எதுக்குங்க சொல்றீங்க?" என்றாள்.

"மனசு கேக்கல."

"திருமூர்த்தி சொல்லச் சொன்னானுங்களா?"

"இல்ல. நானாத்தான் சொல்றேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் இரண்டு காய் உரித்து முடித்தாள்.

"நேத்து சாயங்காலமே போன் பண்ணுனானுங்க" என்றாள். "அண்ணன் வந்து ஒண்ணு சொல்லுவாரு, கோவிச்சுக்காதீங்கக்கான்னான். அவன் கேக்கலைன்னா நீங்க எப்பச் சொல்லியிருப்பீங்க? இன்னும் நாலு டிரைவரு போயி அஞ்சாவது டிரைவரும் வராத போனதுக்கு அப்பறமா?"

நான் கீழே விழுந்திருந்த நார் ஒன்றைப் பொறுக்கி எடுத்தேன். அவள் நிறுத்தவில்லை.

"அவன் இங்க வரமாட்டானுங்க. நாந்தான் வேண்டாம்னேன். இன்னிக்குக் காலைல எங்கண்ணனக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். திங்கக்கெழமைல இருந்து அவரு தோட்டத்துல டிராக்டர் ஓட்டறான். எழுவது நாளு நான் வாயத் தொறக்காத இருந்ததுல அவன் மூட்டை தூக்குனான். அந்தப் பாவம் எனக்கும்தானுங்க. நீங்க சொல்லுவீங்க, நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்துட்டேன்."

எழுபது நாள் என்றால் முதல் நாளிலிருந்தே. "உனக்கு யாரு சொன்னது? அவனா? கார்ல போறப்பவே சொன்னானா?" என்றேன். கேட்கும்போதே குரல் உயர்ந்துவிட்டது.

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"யாரும் எதுக்குங்க சொல்லோணும்? நீங்க மெஷின் மேல ஏறி நின்னு முடிச்சுப் போட்டப்ப, மோட்டார் ரூமுக்கிட்ட நான் நின்னுட்டிருந்தேன். அன்னிக்கு எனக்கு ரெண்டு கண்ணும் இருந்துச்சுங்களே."